தலைக்குத் தலைப்பாகை

ஆண்டு மலர் கையில் கிடைத்தவுடன் நாம் முதலில் எதைப் பார்க்கிறோம்? உண்மையைச் சொல்ல வேண்டும், தோழியரே! தலைமையாசிரியை அவர்களின் ஆண்டறிக்கையையா? பரிசு பெற்றோர் பட்டியலையா? இல்லவே இல்லை. வகுப்புக் குழுப் படத்தைத் தேடிப் பிடித்து, மூன்றாம் வரிசையில் இடமிருந்து ஐந்தாவதாக நிற்கும் நம் முகம் நன்றாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். கண்ணை மூடியிருந்தால் படம் எடுத்தவரைக் குறை சொல்கிறோம். அழகாக விழுந்திருந்தால் அது நம் முகத்தின் பெருமை என்று எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அத்தனை பேரையும் தெளிவாகப் படத்தில் நிறுத்த உதவிய ஒரு பொருளை ஒருவரும் நினைப்பதில்லை. கேமராவுக்கு அடியில் அசையாமல் நின்ற முக்காலிதான் அது. அதிலும் முக்கியமானது முக்காலியின் தலை.

அந்தத் தலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதை நாங்கள் ஒருமுறை கெடுத்தோம். பிறகு அதைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டோம். இரண்டையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று எங்கள் கழகத்தின் பொறுப்பாளர் சிஸ்டர் அவர்கள் கூறியதால், வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறோம்.

எங்கள் புகைப்படக் கழகத்தில் நாங்கள் ஐந்து பேர். சென்ற கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்பில் இருந்தோம். கழகத்துக்கென்று ஒரு டிஜிட்டல் கேமரா உண்டு. பெற்றோர் ஆசிரியர் கழகத்தார் அன்போடு வாங்கித் தந்தது. முக்காலிதான் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் எங்களில் ஒருத்தியின் தாத்தா. எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவர். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் பள்ளிக்கு வந்து, வேப்ப மரத்தடியில் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, "எல்லாரும் இங்கே பாருங்கம்மா" என்று குழுப் படம் எடுப்பவரும் அவரே. எங்கள் அம்மாக்களில் இருவர் இதே பள்ளியில் படித்தவர்கள். அவர்களையும் அதே மரத்தடியில், அதே முக்காலியை வைத்துத்தான் எடுத்தாராம். ஸ்டூடியோவை மூடிய பிறகும் இந்த ஒரு வேலையை மட்டும் அவர் விடவில்லை.

"தாத்தா, சனவரியில் தரங்கம்பாடிக்குச் சுற்றுலாப் போகிறோம். சூரிய உதயத்தைப் படம் எடுக்க முக்காலி வேண்டும்" என்று நாங்கள் போய்க் கேட்டோம். அவர் உள்ளே சென்று, பழைய வேட்டியில் சுற்றியிருந்த முக்காலியைக் கொண்டுவந்து கொடுத்தார். எதையும் எழுதி வாங்கிக்கொள்ளவில்லை. "பத்திரம்மா" என்றார். அவ்வளவுதான். வேட்டியை அவர் வீட்டுத் திண்ணையிலேயே அவிழ்த்து வைத்துவிட்டு, முக்காலியை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தோம். பழைய துணி எதற்கு என்று நினைத்தோம். எங்கள் முதல் தவறு அதுதான்.

முக்காலி என்றால் மூன்று கால்கள் மட்டுமே என்று அதுவரை எண்ணியிருந்தோம். கால்கள் நிற்கத்தான் செய்யும். கேமராவைத் தாங்குவதும், திருப்புவதும், சாய்ப்பதும், விரும்பிய இடத்தில் பிடித்து நிறுத்துவதும் தலையின் வேலை. தாத்தாவினுடையது மூன்று விதமாகத் திருப்பக்கூடிய பழைய உலோகத் தலை. இடம் வலமாகத் திரும்ப ஒரு பூட்டு, மேலும் கீழும் சாய ஒரு பூட்டு, பக்கவாட்டில் சாய ஒரு பூட்டு. நீண்ட கைப்பிடியை முறுக்கினால், அதன் நுனியிலுள்ள மரை உள்ளே சென்று ஒரு பிடியை நெருக்கும். சைக்கிள் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதுபோல அது தலையைப் பிடித்துக்கொள்ளும். மேலே தக்கை ஒட்டிய ஒரு தட்டு. நடுவே கேமராவைப் பிணைக்கும் திருகாணி. ஓரத்தில் கொத்தனாரின் ரசமட்டத்தில் இருப்பதைப் போன்ற ஒரு சிறு குமிழிக் கண்ணாடி.

அந்தத் திருகாணியைப் பற்றி ஒரு செய்தி சொல்லியே ஆக வேண்டும். தாத்தாவின் முக்காலி ஃபிலிம் காலத்தது. எங்கள் கேமராவோ டிஜிட்டல். ஆயினும் இரண்டும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தின. காரணம், கேமராவின் அடியிலுள்ள துளை கால் அங்குல அளவு, அதாவது 6.35 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு 20 மரைகள். தலையைக் கால்களோடு பிணைக்கும் திருகாணி பெரும்பாலும் முக்கால் அரை அங்குலம், அதாவது எட்டில் மூன்று பங்கு. அதில் அங்குலத்துக்கு 16 மரைகள். இங்கிலாந்துப் பொறியியலாளர் ஜோசப் விட்வொர்த் 1841ஆம் ஆண்டு திருகு மரைகளுக்கு ஒரே ஒழுங்கான அளவுகளை வகுத்தார். கேமராத் திருகாணியின் அளவு அந்த வழியில் வந்ததே. பின்னர் ஐ.எஸ்.ஓ. 1222 என்னும் உலகத் தரமும் இந்த இரண்டு அளவுகளை ஏற்றுக்கொண்டது. அதனால்தான் பாட்டி காலத்து முக்காலியில் பேத்தியின் கேமரா உட்கார முடிகிறது.

இனிப் பயணத்துக்கு வருவோம். நள்ளிரவில் பள்ளிப் பேருந்து புறப்பட்டது. கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக விடியுமுன் தரங்கம்பாடி சேர வேண்டும். முக்காலியைத் தலையோடு, கைப்பிடியும் நீட்டியபடியே, கடைசி இருக்கைக்குப் பின்னால் படுக்க வைத்தோம். அதன் பக்கத்தில் புளியோதரை அண்டா. அண்டாவுக்கு மேலே தண்ணீர்க் கேன். பாட்டுப் பாடிக்கொண்டே போனோம். வழியில் எங்கோ ஓட்டுநர் அண்ணன் திடீரென்று பிரேக் போட்டார். பின்னால் "டங்" என்று ஒரு சத்தம். "புளியோதரை கொட்டிவிட்டதா?" என்றுதான் எல்லோரும் பதறினோம். கொட்டவில்லை என்று தெரிந்ததும் மறுபடி பாடத் தொடங்கினோம். முக்காலியை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

தரங்கம்பாடிக் கடற்கரை கிழக்கு நோக்கியது. 1620இல் டேனிஷ்காரர் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை ஒருபுறம். 1306ஆம் ஆண்டில் பாண்டிய மன்னர் காலத்தில் கட்டப்பட்டு, அலைகளால் பெரிதும் அரிக்கப்பட்ட மாசிலாமணிநாதர் கோயில் மறுபுறம். அவற்றின்மேல் விடியலின் முதல் ஒளி விழுவதைப் படமாக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசை. அந்த நேரத்தில் வெளிச்சம் மிகக் குறைவு. கையில் பிடித்து எடுப்பதானால், சாதாரண 50 மில்லிமீட்டர் லென்சுக்கு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமாவது வேகம் வேண்டும். இல்லையேல் படம் கலங்கும். விடியலில் அந்த வேகத்துக்கு ஒளி போதாது. ஒரு வினாடி, இரண்டு வினாடி என்று கேமரா கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் எந்தக் கையும் ஆடாமல் நிற்காது. முக்காலிதான் நிற்கும்.

மணலில் காலை ஊன்றி, கேமராவைப் பொருத்தி, கைப்பிடியை முறுக்கினோம். முறுக்க முறுக்கச் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் கைப்பிடி வளைந்திருப்பது தெரிந்தது. குமிழிக் கண்ணாடியில் விரிசல். "பரவாயில்லை, நிற்கிறது" என்று கையை எடுத்தோம். அடுத்த கணம் தலை மெல்லக் கவிழ்ந்தது. கேமராவின் வாரை ஒருத்தி கையில் சுற்றியிருந்ததால் கேமரா பிழைத்தது. முக்காலி மட்டும் மணலில் சாய்ந்து, ஈர மணல் தலையின் இடுக்குகளிலெல்லாம் புகுந்தது. வானம் சிவந்து, பொன்னாகி, பிறகு சாதாரணப் பகலாகிவிட்டது. எங்களிடம் ஒரு நல்ல படம்கூட இல்லை.

திரும்பும்போது யாரும் பாடவில்லை. ஒவ்வொருத்தி மனத்திலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தி முக்காலியைக் கொண்டுவந்தாள். ஒருத்தி படுக்க வைத்தாள். ஒருத்தி அண்டாவை அருகில் தள்ளினாள். ஒருத்தி "தலையைக் கழற்றி வைக்கலாமா?" என்று கேட்டுவிட்டு மறந்தாள். அந்தத் தாத்தாவின் பேத்தியோ, வேட்டியைத் திண்ணையில் விட்டு வந்தவள். அடுத்தவள் பெயரைச் சொன்னால் நாம் தப்பிக்கலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வந்தது, மறைப்பானேன்? பள்ளி வாசலில் சிஸ்டர், "யாரம்மா இதை அப்படி வைத்தது?" என்று அமைதியாகக் கேட்டார். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு எங்களில் ஒருத்தி, "நாங்கள்தான் சிஸ்டர்" என்றாள். மற்ற நால்வரும் தலையை அசைத்தோம். இந்தக் கட்டுரையில் ஒரு பெயரும் வராததற்கு அதுவே காரணம்.

"சரி, நாளை மாலை தாத்தாவிடம் போய் நீங்களே சொல்லுங்கள். நான் வரமாட்டேன்" என்றார் சிஸ்டர். தேர்வு முடிவைப் பார்க்கப் போகும்போதுகூட எங்கள் கால்கள் அப்படிப் பின்வாங்கியதில்லை. அதற்குள் ஒருத்தி, மணல் போவதற்காகத் தையல் இயந்திர எண்ணெயைத் தலையில் விடலாம் என்று யோசனை சொன்னாள். நல்ல வேளை, எண்ணெய்க் குப்பி கிடைக்கவில்லை.

தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, முக்காலியை மடியில் வைத்துக்கொண்டு, வளைந்த கைப்பிடியை விரலால் தடவிப் பார்த்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்க யாருக்கும் அடிபடலையே?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு அழுகை வந்தது. "பிப்ரவரியில் உங்க பள்ளிக்கூடத்துப் படம் இருக்கு. அதுக்குள்ளே சரிபண்ணிடலாம்" என்றார். பன்னிரண்டாம் வகுப்பு அக்காக்கள் பள்ளியை விட்டுப் போகுமுன் எடுக்கும் படம் அது. அதற்கும் சேர்த்தல்லவா வினை வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் உணர்ந்தோம்.

அடுத்த சனிக்கிழமை அவர் எங்கள் கண் முன்னே தலையைக் கழற்றினார். ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் காகிதத்தில் வரிசையாக வைத்தார். காய்ந்த மணலைத் தூரிகையால் தட்டினார். உப்புப் படிந்த இடங்களை ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினார். எண்ணெய் யோசனையைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். "தலை பிடிச்சு நிற்கிறதே உராய்வாலேதாம்மா. அங்கே எண்ணெயை விட்டா பிடி போயிடும், தூசியும் வந்து ஒட்டிக்கும்" என்றார். உராய்வின் நன்மைகள் என்று நாங்கள் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய பாடம்தான். திண்ணையில் அது நினைவுக்கு வரவில்லை.

கைப்பிடியை நிமிர்த்த முடியவில்லை. அதன் மரையும் தேய்ந்திருந்தது. கடைசல் பட்டறையில் அதே அளவுக்கு ஒரு புதுத் தண்டு கடைந்து கொடுத்தார்கள். கூலி 350 ரூபாய். நாங்கள் ஐவரும் எழுபது எழுபது ரூபாயாகச் சேர்த்துக் கொண்டுபோனோம். தாத்தா வாங்க மறுத்தார். சிஸ்டரே தொலைபேசியில் அழைத்து, "ஐயா, பிள்ளைகளுக்காக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்ன பிறகே வாங்கினார். குமிழிக் கண்ணாடியை மாற்ற முடியவில்லை. விரிசல் அப்படியே இருக்கிறது.

அன்று முதல் தாத்தாவிடமும், எங்கள் இயற்பியல் ஆசிரியையிடமும், பட்ட அனுபவத்திலும் நாங்கள் கற்றவற்றைத் தங்கைகளுக்காக எழுதி வைக்கிறோம். கேமராத் தலைக்கு மட்டுமன்று, தையல் இயந்திரம், நுண்ணோக்கி, வயலின் ஆகிய எதற்கும் இவற்றில் பாதி பொருந்தும்.

முதலாவது, அடி ஏன் தலையில் விழுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். முக்காலியில் கனமான பாகம் தலை; வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாகமும் அதுவே. கதவைக் கீலுக்கு அருகில் தள்ளினால் நகராது. கைப்பிடிப் பக்கம் தள்ளினால் ஒரு விரலுக்கே திறக்கும். அதுபோல நீண்ட கைப்பிடியின் நுனியில் விழும் சிறு அடி, அதன் அடிமரையில் பேரடியாகிறது. ஆகவே நீட்டிக்கொண்டிருப்பது எதுவோ அதை முதலில் கழற்ற வேண்டும், அல்லது மடக்க வேண்டும். கைப்பிடியைத் திருகிக் கழற்றித் தனித் துணியில் சுற்றலாம். தலையையே கழற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

கழற்றுவதிலும் ஒரு முறை உண்டு. சில முக்காலிகளில் தலைக்குக் கீழுள்ள தட்டில் இரண்டு மூன்று சிறு ஆணிகள் அடியிலிருந்து தலையை அழுத்திப் பிடித்திருக்கும். அவற்றை ஆலன் கீயால் தளர்த்திய பிறகே தலையைத் திருக வேண்டும். இல்லையேல் அடித்தட்டில் கீறல் விழும். திருகும்போது கைப்பிடியை நெம்புகோலாக்கக் கூடாது. தலையின் உடலைப் பிடித்தே திருக வேண்டும். கழற்ற முடியாத முக்காலியானால், நடுத் தண்டை முழுவதும் இறக்கிவிட்டுத் தலையைத் தாழ வைக்கலாம். சில புது முக்காலிகளில் கால்களை மேல்நோக்கி மடக்கினால், மூன்று கால்களும் தலையைச் சுற்றி வேலி போல நிற்கும். வேலிக்குள்ளும் துணி வேண்டும். கால்களே தலையை உரசக் கூடாதல்லவா?

இரண்டாவது, சுற்றுவது. தலைச்சுமை தூக்குகிற பாட்டியைப் பாருங்கள். வெறுந்தலையில் சுமையை ஏற்றுவாரா? சும்மாடு கட்டிக்கொள்வார். கேமராத் தலைக்கும் அப்படித்தான். முதலில் மெல்லிய பருத்தித் துணி. அதன்மேல் தடித்த துணி. குமிழ்களும் திருகுகளும் ஒன்றையொன்று இடிக்காதபடி இடுக்குகளிலும் துணியை நுழைக்க வேண்டும். எங்கள் இயற்பியல் ஆசிரியை கரும்பலகையில் கணக்கே போட்டுக் காட்டினார். விழும் பொருள் ஒரு மில்லிமீட்டரில் நின்றால் ஓர் அடி. மெத்தென்ற துணிக்குள் அமுங்கி இரண்டு சென்டிமீட்டரில் நின்றால், அடியின் சராசரி விசை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கிரிக்கெட் வீரர் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பதும் இதற்காகத்தான்.

ஆனால் துணி மட்டும் போதாது. மேலே அண்டா ஏறினால் துணி என்ன செய்யும்? அழுத்தத்தைத் தாங்க வெளியே ஒரு கெட்டியான கூடு வேண்டும். கடைகளில் அதற்கென்று பெட்டிகள் விற்கிறார்கள். எங்களிடம் அதற்குப் பணமில்லை. எங்களில் ஒருத்தி வீட்டிலிருந்து மூடியுள்ள பெரிய எவர்சில்வர் தூக்கு ஒன்றைக் கொண்டுவந்தாள். பழைய ஸ்வெட்டரின் கையைத் தலைக்கு மாட்டி, தூக்குக்குள் இறக்கி, மிச்ச இடத்தைத் துணியால் அடைத்தோம். குலுக்கிப் பார்த்தோம், சத்தமே இல்லை. தாத்தா அதைப் பார்த்து, "சாம்பார் தூக்குக்கு வந்த வாழ்வு!" என்றார்.

மூன்றாவது, பயணத்தில் எங்கே வைப்பது. கேமராவை மேலே மாட்டியபடி எடுத்துச் செல்லவே கூடாது. கனமான சாமானுக்கு அடியிலும் கூடாது. உயரத் தட்டின் விளிம்பிலும் கூடாது. பேருந்தில் மடியில் வைத்துக்கொள்வதே உத்தமம். விமானத்தில் போகிறவர்கள் தலையைக் கழற்றி, பெட்டியின் நடுவில், நான்கு பக்கமும் உடைகள் இருக்கும்படி வைக்க வேண்டும். சில தலைகளில் கேமராவோடு சேரும் தட்டு தனியாகக் கழன்று வரும். அதைத் தலையிலோ கேமராவிலோ மாட்டியே வைக்க வேண்டும். பைக்குள் தனியே போட்டால் தேடுகிற நேரத்தில் கிடைக்காது.

நான்காவது, தாத்தா சொன்ன ஒரு மந்திரம்: "வழியிலே லேசாப் பூட்டு, வீட்டிலே தளர்த்து." பயணத்தில் பூட்டுகளைத் தளர விட்டால் தலை ஆடி ஆடித் தானே இடித்துக்கொள்ளும். பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் அடி விழும்போது மரை போகும். ஆடாத அளவுக்கு இறுக்கினால் போதும். அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும்போது எல்லாப் பூட்டுகளையும் தளர்த்திவிட வேண்டும். பந்து வடிவத் தலைக்கும் இதுவே முறை. அந்தப் பந்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடியோ எடுப்போரின் தலைகளில் உள்ளே கெட்டியான கிரீஸ் இருக்கும். அவற்றின் இறுக்கத்தை மிகக் குறைந்த அளவில் வைத்துவிட வேண்டும். அவற்றை நாமே பிரித்துப் பார்க்க ஆசைப்படக் கூடாது.

ஐந்தாவது, வைக்கும் இடம். எங்கள் கழகத்துக்கு முதலில் கொடுக்கப்பட்ட அலமாரி வேதியியல் ஆய்வகத்தின் மூலையில் இருந்தது. பக்கத்திலேயே அமிலக் குப்பிகள். அமிலத்தின் ஆவி உலோகத்துக்கு ஆகாது என்பதை ஆய்வகத் தராசைக் கேட்டாலே சொல்லும். சிஸ்டரிடம் கேட்டு, நூலகத்தில் தரையிலிருந்து உயரமான ஒரு தட்டை வாங்கினோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எஃகு ஆணிகள் துருவேறும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சும் ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்தால் பொடிந்து, பிசினாகி, தலையில் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டினாலும் இதே கதைதான். ஆகவே பயணத்துக்குத் தூக்கு, வீட்டுக்குக் காற்றோட்டமான துணிப்பை என்று பிரித்துக்கொண்டோம். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. மாதத்தில் ஒரு சனிக்கிழமை தலையை வெளியே எடுத்து, துடைத்து, எல்லாக் குமிழ்களையும் ஒருமுறை திருப்பிவிட்டு வைக்கிறோம்.

சென்ற பிப்ரவரியில் சரிசெய்யப்பட்ட தலையோடு தாத்தா வந்து அக்காக்களின் படத்தை எடுத்தார். கைப்பிடியை முறுக்கினார், பிடித்து நின்றது. நாங்கள் விட்ட மூச்சு வேப்ப மரத்துக்கே கேட்டிருக்கும். படம் முடிந்ததும் முக்காலியை எங்களிடமே நீட்டி, "அடுத்த வருசம்வரை நீங்களே வச்சிருங்க. பார்த்துக்கத்தான் கத்துக்கிட்டீங்களே" என்றார். உடைத்தவர்களிடமே மறுபடி கொடுப்பார் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

இந்தச் சனவரியில் வேடந்தாங்கலுக்குப் போனோம். இம்முறை கால்கள் ஒரு பையில், தலை தூக்குக்குள். ஏரிக்கரையில் இறங்கும்போது நெரிசலில் தூக்கு கை நழுவிப் பேருந்துப் படிகளில் உருண்டு, தார்ச்சாலையில் விழுந்தது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் "ஐயோ!" என்றோம். திறந்து பார்த்தால், தூக்கின் வயிறு உள்வாங்கியிருந்தது, மூடி கோணியிருந்தது. உள்ளே ஸ்வெட்டருக்குள் தலை தூங்குகிற குழந்தைபோல இருந்தது. ஒரு கீறலும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற பழமொழியை அன்றுதான் கண்ணால் கண்டோம். அன்றைய விடியலில், நீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடாக்களும் நாரைகளும் விழித்தெழுவதை ஆடாமல் படம் எடுத்தோம். தூக்கைப் பறிகொடுத்த அம்மாவுக்கு முதல் படத்தைப் பரிசாகக் கொடுத்தோம்.

இந்தப் பிப்ரவரியில் வேப்ப மரத்தடியில் நின்றவர்கள் நாங்களே. பன்னிரண்டாம் வகுப்புக் குழுப் படம். படம் எடுக்கும் முன் தாத்தா விரிசல் விழுந்த குமிழிக் கண்ணாடியைக் குனிந்து பார்த்து மட்டம் பிடித்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். படத்தில் எங்கள் ஐந்து பேரின் சிரிப்பு மட்டும் சற்று அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

படம் முடிந்தவுடன் எல்லோரும் கலைந்து ஓடினார்கள். நாங்கள் ஐவரும் நின்று, தலையைக் கழற்றி, துடைத்து, சுற்றி வைத்துவிட்டே வகுப்புக்குப் போனோம். வேலை என்பது படம் எடுப்பதோடு முடிவதில்லை; எடுத்த பொருளை அடுத்தவர் கைக்கு நல்லபடியாகச் சேர்ப்பதோடுதான் முடிகிறது. அடுத்த ஆண்டு கழகத்துக்கு வரும் தங்கைகளே! தூக்கின் புது மூடி நூலகத்தின் மேல்தட்டில் இருக்கிறது. ஆலன் கீ ஸ்வெட்டர்க் கைக்குள் இருக்கிறது. தாத்தாவின் வேட்டியையும் கேட்டு வாங்கி மடித்து வைத்திருக்கிறோம். பத்திரம்மா!

— புகைப்படக் கழக மாணவியர் ஐவர், பன்னிரண்டாம் வகுப்பு